மஞ்சள் எழுத்து அக்கா

அக்காவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் உடனே இணையத்தில் தேடிப் பார்ப்பீர்கள். தன்னை யாராவது அப்படித் தேடுவது அவருக்கு அறவே பிடிக்காது. தேடினாலும் ஒன்றும் சிக்காது என்பது வேறு விஷயம். அதையெல்லாம் முன்கூட்டியே பார்த்துச் சரிசெய்து வைத்திருப்பார்.

சிராங்கூன் ரோட்டிலிருந்து ஃபேரர் பார்க் பக்கமாகத் திரும்பும் ஒரு சந்து. கீழே மளிகைக் கடை, மாடியில் எங்கள் டிராவல்ஸ் ஆபீஸ். மொத்தமே மூன்று பேர்தான். முதலாளி பாய் கண்ணாடிக் கதவு போட்ட அறைக்குள்ளே, அக்காவும் நானும் வெளியே பக்கத்துப் பக்கத்து சீட்டில். பாய்க்கு அறுபது தாண்டிவிட்டது. அக்காவுக்கு ஐம்பதுக்கு மேல். எனக்கு அப்போதுதான் பிள்ளையை நர்சரியில் விட ஆரம்பித்திருந்த வயசு.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது. என் கம்ப்யூட்டர் இன்னும் வரவில்லை. அக்கா விசா வேலையாக வெளியே போயிருந்தார். “அவ சீட்ல உக்காந்து கொஞ்சம் பழகிக்கம்மா” என்றார் பாய். உட்கார்ந்தேன். பிரவுசரைத் திறந்தால் ஒரே கறுப்பு. அதில் மஞ்சள் நிறத்தில், பஸ்ஸின் நெற்றியில் நம்பர் வருமே, அந்த சைஸில் எழுத்து. படம் கிடையாது, விளம்பரம் கிடையாது. மேலே வழக்கமாக இருக்கும் பட்டன்களில் பாதியைக் காணோம். எனக்கு எது எது எங்கெங்கே இருக்கணுமோ அங்கங்கே இருக்கணும். ஆகவே செட்டிங்ஸுக்குள் போய் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கப் பார்த்தேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

“என்ன பண்றே?”

“கெட்டுப்போயிருக்குக்கா. சரி பண்ணலாம்னு…”

“கெட்டுப்போகல. நான்தான் கெடுத்து வச்சிருக்கேன். எந்திரி.”

ஒரு ‘வா’ இல்லை, ‘உன் பேர் என்ன’ இல்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம், “ஒரு கம்ப்யூட்டரை வச்சுக்கிட்டு என்னா பந்தா லா அந்தம்மாவுக்கு” என்று பொருமித் தீர்த்தேன்.

பிறகு போகப் போகத்தான் புரிந்தது. பிரவுசரை வந்தது வந்தபடி வைத்துக்கொள்ள அவரால் முடியவே முடியாது. “ரெடிமேட் ஜாக்கெட் வாங்குனா அப்படியே மாட்டிக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போவியா? பிடிச்சுத் தைச்சுத்தானே போடுவே? இது மட்டும் என்னவாம்?” என்பார். கம்பெனிக்காரன் தனக்கு எது வசதியோ அப்படித்தான் செய்து அனுப்புவான், நமக்கு வசதியாக நாம்தான் மாற்றிக்கொள்ளணும் என்பது அவருடைய கட்சி. பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டிக் குட்டி புரோகிராம்கள் இருக்கின்றன அல்லவா, எக்ஸ்டென்ஷன் என்கிறார்களே, அவற்றில் எது நல்லது, எது நம்மை வேவு பார்க்கும் என்று ஒரு மணி நேரம் பேசுவார். காய்கறி வாங்குவதைப் பற்றிக்கூட அவ்வளவு பேசமாட்டார்.

மவுஸை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. மேலே முகவரி எழுதும் இடத்தில் ஒரு சொல்லைத் தட்டுவார், வேண்டிய பக்கம் வந்து நிற்கும். அந்தச் சொற்களை அவரே வைத்திருந்தார். அடிக்கடி விமானத்தை ரத்து செய்து எங்கள் உயிரை எடுக்கும் ஒரு கம்பெனிக்கு ‘எமன்’. ஆயிரத்தெட்டுக் கேள்வி கேட்டுவிட்டுக் கடைசியில் வெளியே தள்ளும் பேங்க் பக்கத்துக்கு ‘மாமியார்’. பாய் கொடுக்கும் வேலையெல்லாம் கிடக்கும் இடத்துக்கு ‘பெருசு’.

என் பிரவுசரிலும் கை வைத்தார். ஒருநாள் காலை முழுக்க நான் வேலை செய்வதைச் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு முதுகில் எறும்பு ஊர்வது போல இருந்தது. மத்தியானம், “ஏண்டி, இத்தனை டேப் திறந்து போட்டிருக்கியே, வீட்ல எல்லா ரூம்லயும் லைட்டை எரிய விட்டுட்டுத்தான் வருவியா?” என்று ஆரம்பித்தார். தினமும் நான் பார்க்கும் பக்கங்களை மட்டும் ஓரமாக வரிசையாகக் குத்தி வைத்தார். அதுவே திறந்து, அதுவே அடங்கியது. வேலை பாதியாகக் குறைந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் மறுநாள் நான் வழக்கமாகப் புடவை பார்க்கும் கடைப் பக்கத்தைத் திறந்தால், பக்கம் வரவில்லை. நடுவில் கொட்டை எழுத்தில் ‘வேலையைப் பாரு’ என்று வந்தது. கேட்காமல் கொள்ளாமல் பூட்டிவிட்டார். மூணு மணி டீ வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை. அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. டீ வந்ததும், “பூட்டு எடுத்தாச்சு. கோவத்துல டிக்கெட்ல தப்புப் பண்ணித் தொலைக்காதே” என்றார்.

கண் விஷயம் எனக்குத் தெரியவந்தது, மத்தியானம் நாங்கள் சாப்பிடப் போகும் தேக்கா உணவங்காடியில். தினமும் ஒரே கடையில், ஒரே சாப்பாடு வாங்குவார். “ஏங்க்கா, ஒருநாளாவது வேற வாங்குங்களேன், போர்டுல எவ்ளோ இருக்கு” என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, “போர்டு தெரிஞ்சாத்தானே” என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“நிஜமாத்தான் சொல்றேன். ரெண்டு கண்ணுலயும் நடுவுல கறை பிடிச்ச மாதிரி இருக்கு. ஓரமெல்லாம் பளிச்சுன்னு இருக்கு. இப்ப உன் தோடு தெரியுது. மூக்கு தெரியல. டாக்டர் போன பார்வை திரும்ப வராதுங்கறாரு. மிச்சமும் மெதுவாப் போகும், அவ்வளவுதான்.”

கறுப்பும் மஞ்சளும் அதற்குத்தான். படமில்லாமல் வைத்திருந்ததும் அதற்குத்தான். மவுஸின் அம்பு திரையில் எங்கே நிற்கிறது என்றே அவருக்குத் தெரியாது, அதனால்தான் தொடுவதில்லை. காதில் எப்போதும் ஒரு வயர் தொங்கும், பாட்டுக் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன். பக்கத்தை ஒரு குரல் அவருக்கு வாசித்துக்கொண்டிருந்திருக்கிறது. இவ்வளவு நாள் பந்தா, திமிர் என்று வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேனே என்று ஒரு மாதிரி ஆகிவிட்டது. “பாய்க்குத் தெரியுமா?” என்றேன்.

“தெரிஞ்சா நான் இங்க இருப்பேனா?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கு முன்னால் என் சீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். பாஸ்போர்ட்டில் இருந்த பெயரில் ஓர் எழுத்தைக் கண் மங்கலில் தவறாகப் படித்து டிக்கெட் போட்டுவிட்டார். ஊரில் தங்கச்சி கல்யாணத்துக்குப் போகவேண்டியவன் சாங்கி ஏர்போர்ட்டிலிருந்து அழுதுகொண்டே திரும்பி வந்து எங்கள் படியில் உட்கார்ந்திருக்கிறான். அந்த வாரமே பாய் பெரியவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். “நம்ம தொழில்ல கண்ணுதான் முதல். அது போச்சுன்னா மரியாதையா எந்திரிச்சுப் போயிடணும்” என்பதை அதற்குப் பிறகு அவர் பலமுறை சொல்லி நானே கேட்டிருக்கிறேன்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஈசூனில் தம்பி வீட்டில் ஓர் அறை. “வேலைக்குப் போற வரைக்கும் நான் அந்த வீட்ல அத்தை. நின்னுட்டேன்னா அன்னிக்கே ஆயா” என்றார். தம்பி மனைவியைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. அப்படித்தான் நடக்கும் என்று சாதாரணமாகச் சொன்னார். “உன்கிட்ட ஏன் சொல்றேன்னா, நீ பக்கத்து சீட்டு. நான் என்னிக்காவது உளறினேன்னா கால்ல தட்டு.”

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி போயிற்று. அக்கா பாவம்தான், ஆனால் டிக்கெட் எடுக்க வருகிறவன் மட்டும் என்ன பாவம் செய்தான்? அவர் எழுந்து போகும் நேரமாகப் பார்த்து, அவர் போட்ட டிக்கெட்டை எடுத்து எழுத்து எழுத்தாகச் சரிபார்ப்பேன். ஒருநாள் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன்.

“பாத்துட்டியா? சரியா இருக்கா?”

“இருக்குக்கா.”

“தினமும் பாரு. நானே கேக்கணும்னுதான் இருந்தேன்.”

ஞாயிற்றுக்கிழமைகளில் படி வரைக்கும் கூட்டம் நிற்கும். ஒரு ஞாயிறு, கிராஞ்சியில் வேலையாட்கள் தங்கும் டார்மிட்டரியிலிருந்து வெல்டிங் வேலை பார்க்கும் ஒருவர் வந்தார். மகளுக்குக் காதுகுத்து, ஊருக்குப் போகணும். அக்கா அவருடைய பாஸ்போர்ட்டை போனில் படம் எடுத்துத் திரைக்குக் கொண்டுவந்து, கறுப்பில் வெள்ளையாகப் புரட்டி, ஒரே எழுத்து திரை முழுக்க நிற்கிற அளவுக்குப் பெரிதாக்கினார். தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கண்ணோரத்தால் பார்த்துப் படித்தார். “நான் ஒவ்வொரு எழுத்தாச் சொல்றேன். நீங்க பாஸ்போர்ட்டைப் பாத்துக்கிட்டே வாங்க. சரின்னா தலையாட்டாதீங்க, வாயால சொல்லுங்க.” அவரும் பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வது போல ஒவ்வொன்றுக்கும் “சரிக்கா, சரிக்கா” என்றார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். “முணுமுணுக்காதீங்க. உங்க பேரையும் இப்படித்தான் போடுவேன். ஏர்போர்ட்ல திரும்பி வர்றதுக்கு இங்க நிக்கறது மேல்” என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார். டிக்கெட் கையில் வந்ததும் அந்த மனிதர் தன் பெயரை இரண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டுப் பத்திரமாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

நான் இருந்த வரைக்கும் அக்கா போட்ட டிக்கெட் எதுவும் திரும்பி வந்ததில்லை. ஆனால் எழுத்து மட்டும் வருஷத்துக்கு வருஷம் பெருத்துக்கொண்டே போயிற்று. முதலில் ஒரு திரையில் பத்து வரி தெரியும். பிறகு ஆறு. புதிதாக ஏதாவது எக்ஸ்டென்ஷன் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டே இருப்பார். “கண்ணு ஓடுது, நானும் பின்னாடியே ஓடறேன்” என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

அந்த நேரத்தில்தான் பாய் புது கம்ப்யூட்டர்கள் வாங்கினார். அக்காவுக்குத் தூக்கமே போய்விட்டது. பழைய மெஷினை எடுத்துவிட்டால் இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது எல்லாம் போய்விடும். புது மெஷினில் வெள்ளைத் திரையும் பொடி எழுத்துமாக ஒருநாள் உட்கார்ந்தாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். அதற்கு ஒரு வழி இருந்தது. பிரவுசரில் ஏதாவது ஒரு கணக்கின் வழியாக உள்ளே நுழைந்து சின்க் என்பதைத் தட்டிவிட்டால், இந்த மெஷினில் இருப்பதெல்லாம் அந்தக் கணக்கோடு கிளம்பி அடுத்த மெஷினில் போய் உட்கார்ந்துகொள்ளும். பாயின் மகள் வந்து புது மெஷின்களைத் தயார் செய்துவிட்டு, அக்காவிடம் ஆபீஸ் கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் சொல்லிவிட்டுப் போனாள். வீட்டுக்குக் கிளம்பும் முன் அக்கா பழைய மெஷினில் அதைப் போட்டு, சின்க்கையும் தட்டினார். புதுத் திரை கறுப்பாகி மஞ்சள் எழுத்து வந்து நின்றதும் அவருக்கு மூச்சு வந்தது. “வீடு மாறியாச்சு” என்று என் முதுகில் ஒன்று வைத்தார்.

பாயைப் பற்றி நாங்கள் இருவருமே யோசிக்காமல் விட்டது ஒன்று. அவருக்கு எல்லாமே ஒன்றுதான் இருக்கணும். ஆபீஸுக்கும் பாத்ரூமுக்கும் ஒரே சாவி. பேங்குக்கும் ஏர்லைனுக்கும் ஒரே பாஸ்வேர்டு. ஆளுக்கொரு கணக்குப் போடலாம் என்று மகள் சொன்னபோது, “அதெல்லாம் யாரு ஞாபகம் வச்சுக்கறது, ஒண்ணே போடு” என்று சொல்லியிருக்கிறார். மூன்று மெஷினும் ஒரே கணக்கில் இருந்தன.

மறுநாள் காலையில் என் மெஷினைத் திறந்தேன். கறுப்பு. மஞ்சள். ஒரு நிமிஷம் சீட்டு மாறி உட்கார்ந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அதற்குள் பாயின் அறையிலிருந்து ஒரு பெண் குரல் கணீரென்று, நிறுத்தாமல், இங்கிலீஷில் டிக்கெட் விதிமுறைகளை வாசிக்க ஆரம்பித்தது.

“யாரும்மா அது, இதுக்குள்ள?” என்றார் பாய்.

அக்கா காதிலிருந்த வயரைக் கழற்றினார். நான் உள்ளே ஓடினேன். பாய் நாற்காலியை விட்டு எழுந்து சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். திரையின் மேல்பக்கம் எமன், மாமியார், பெருசு என்று வரிசையாக மஞ்சளில் பளபளத்தது.

“யாரு இந்தப் பெருசு?”

“வைரஸா இருக்கும் பாய்” என்றேன். வாயில் வந்தது அதுதான். “நான் எடுத்துடறேன், நீங்க ஒரு கோப்பி சாப்ட்டு வாங்க.”

எனக்குப் பின்னால் கதவு திறந்தது.

“வைரஸ் இல்ல பாய்” என்றார் அக்கா. “என் கண்ணு.”

கதவைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். கறை, டாக்டர், மஞ்சள் எழுத்து, வாசிக்கும் குரல், நான் சரிபார்ப்பது வரைக்கும். பாய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அந்தப் பெரியவரை அனுப்புனேனே, அப்பவே இப்படித்தானா?”

“அப்பவே.”

பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். படியில் ஆள் ஏறும் சத்தம் கேட்டது. “ஆள் வந்திருக்கு. போய்ப் பாருங்க” என்று மட்டும் சொன்னார்.

அன்று முழுக்க அவ்வளவுதான். இருக்கச் சொல்கிறாரா, போகச் சொல்கிறாரா, ஒன்றும் விளங்கவில்லை. ஒரு மனுஷன் இப்படியா வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பான் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அக்கா மத்தியானம் சாப்பிட வரவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் வழக்கம்போல எழுத்து எழுத்தாகப் படித்து டிக்கெட் போட்டார். நடுவில் கிடைத்த நேரத்தில் மேசை டிராயரில் இருந்த தைலம், சீப்பு, சால்வை எல்லாவற்றையும் எடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டார்.

“என்னாக்கா இது, அவர் ஒண்ணும் சொல்லலையே” என்றேன்.

“சொல்றதுக்கு முன்னாடி எடுத்து வச்சுக்கிட்டா, சொல்லும்போது தேடிக்கிட்டு நிக்க வேணாம். நீ போய் அவர் மெஷின்ல இருக்கறதையெல்லாம் கழட்டிட்டு வந்துடு. நான் உள்ள போகல.”

கடை சாத்துகிற நேரத்துக்கு உள்ளே போனேன். பாயின் மூக்குக்கண்ணாடி மேசையில் கழற்றிக் கிடந்தது. திரையில் தமிழ்ச் செய்திப் பக்கம், கறுப்பில் மஞ்சளாக, திரைக்கு ஆறு வரி. பாய் உதடு அசைய அசைய வாசித்துக்கொண்டிருந்தார். நான் வந்து நின்றதே அவருக்குத் தெரியவில்லை.

“பாய், பழையபடி ஆக்கிடட்டுமா?”

“வேணாம். விடு.” அந்தப் பத்தியை முடித்துவிட்டுத்தான் திரும்பினார். “அவளைக் கூப்பிடு.”

அக்கா பையோடு வந்தார். பாய் பையைப் பார்த்தார்.

“இந்தப் பொம்பளை இங்கிலீஷ்லயே பேசிக்கிட்டிருக்கா. தமிழ்ல பேச வைக்க முடியுமா?”

“முடியும் பாய். உச்சரிப்பு சுமாராத்தான் இருக்கும்.”

“பரவால்ல.”

பாய் எழுந்து தன் நாற்காலியை விட்டுக்கொடுத்தார். அக்கா பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். கீபோர்டில் விரலை வைத்ததும் அவர் பழைய அக்காவாக ஆகிவிட்டார். “எழுத்து இந்த சைஸ் போதுமா, இன்னும் பெருசாக்கணுமா? உங்களுக்கு எது தெரியுது, எது தெரியலன்னு சொன்னாத்தான் பாய் நான் அளவு வைக்க முடியும்” என்றார்.

பாய் கண்ணாடியை எடுத்துப் போடப்போனார். போடாமல் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார்.

“நீ கதவைச் சாத்திட்டுப் போம்மா.”

சாத்தினேன். கண்ணாடிக் கதவுதானே, காதில் விழத்தான் செய்தது.

“பொடி எழுத்து எதுவுமே தெரியலம்மா” என்றார் பாய். “ரொம்ப நாளாவே. யார்கிட்டயும் சொல்லிடாதே.”